கிறிஸ்தவ ஃபேண்டசி கதைகளை நம்ம ஊர் சபையில் வாசிக்கத் தொடங்குவது எப்படி?

குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வேதக் கதைகள் தெரியாமல் போக வழியே இல்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கே நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். கோட்டாறு சவேரியார் பேராலயம் ஒரு பக்கம், 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து ஊழியம் தொடங்கிய மைலாடி இன்னொரு பக்கம், நடுவில் சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே, சீரோ மலபார் என்று நடக்கிற தூரத்திலேயே நாலு ஆலயம் இருக்கும். ஓய்வுநாள் பள்ளி, மே மாத வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை, ராத்திரி வீட்டு ஜெபம் என்று வளர்கிற பிள்ளை பத்து வயதுக்குள் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் வரிசை மாறாமல் சொல்லிவிடும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதையில் மனசு பதறுவதில்லை. சிலுவைப்பாடு வாசிக்கும்போது கண் கலங்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும், கலங்காது, கலங்கவில்லையே என்ற குற்ற உணர்வு மட்டும் உள்ளே கிடந்து அரிக்கும்.

நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸுக்கும் சின்ன வயதில் இதே பாடுதான். கடவுளைப் பற்றியும் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றியும் இப்படித்தான் உணர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே தன் உணர்ச்சி உறைந்துபோனதை 1956இல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அதே விஷயத்தை, வண்ணக் கண்ணாடி ஜன்னலும் ஓய்வுநாள் பள்ளியின் ஞாபகமும் ஒட்டாத ஒரு கற்பனை உலகத்தில் கொண்டுபோய் வைத்தால், அது தன் முழு வலிமையோடு, முதல் தடவை கேட்பதுபோல் வந்து விழாதா என்று அவர் யோசித்தார். வாசகர்களை இந்த வகைக் கதைகள் கட்டிப்போடுவதற்கு, நான் பார்த்தவரை, இதைவிடப் பெரிய காரணம் இல்லை. அதனால் நான் கீழே சொல்கிற எல்லா வழியும் ஒரே ஒரு காரியத்தைக் காப்பாற்றத்தான்: கதை முதலில் கதையாகக் காதில் விழட்டும், விளக்கம் முந்திக்கொண்டு வரக் கூடாது.

முதல் கூட்டத்துக்குப் புத்தகம் வேண்டாம்

வாலிபர் சங்கமோ, கத்தோலிக்கரின் அன்பியம் என்ற சிறு குழுவோ, நாலு வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்த திண்ணையோ, எதுவானாலும் சரி, முதல் நாள் வேதாகமத்தை எடுத்து நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரம் 8 முதல் 15 வரை சத்தமாக வாசியுங்கள். கத்தோலிக்க நண்பர்கள் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் அது நீதித்தலைவர்கள் என்று இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரங்கள் எல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடிப் புறப்படுகின்றன. ஒலிவமரம் மாட்டேன் என்கிறது, அத்திமரமும் மாட்டேன் என்கிறது, திராட்சச்செடிக்கும் வேறு வேலை இருக்கிறது. கடைசியில் முட்செடிதான் ஒத்துக்கொண்டு, என் நிழலில் வந்து அடையுங்கள் என்று கூப்பிடுகிறது. முட்செடிக்கு ஏது நிழல்? இதை கெரிசீம் மலை உச்சியில் நின்று ஊரையே பார்த்துச் சொன்னவன் யோதாம். அவனுடைய அண்ணன்மாரை எல்லாம் கொன்றுவிட்டு ஒருவன் ராஜாவாகியிருந்த நேரம் அது. நேராகச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், மரத்தின் வாயில் வைத்துச் சொன்னான்.

இதை முதலில் வாசிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டாவது வாரம் சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து, "மக்ளே, சூனியக்காரி, மந்திரம், பேசுற மிருகம், இதெல்லாம் ஆலயத்துக்குள்ள எதுக்கு?" என்று கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. உபாகமம் 18ஆம் அதிகாரம் குறிசொல்லுதலையும் சூனியத்தையும் விலக்குகிறது. அதோடு செய்வினை, மந்திரவாதம் என்று நடுங்கி வாழ்ந்த ஒரு தலைமுறையை அவர் கண்ணால் பார்த்திருப்பார், அதிலிருந்து வெளியே வர எவ்வளவு ஜெபமும் துணிச்சலும் தேவைப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியும். எதிர்த்துப் பேசாதீர்கள். யோதாமின் மரங்களைக் காட்டுங்கள், வெளிப்படுத்தல் 12இல் ஏழு தலையும் பத்துக் கொம்பும் உள்ள வலுசர்ப்பத்தைக் காட்டுங்கள். அப்புறம் அவருக்கு நேர்மையாக ஒரு விஷயம் சொல்லுங்கள்: முதல் நார்னியா நாவலில் சூனியக்காரி எதிரி, பிள்ளைகள் யாரும் அதில் மந்திரம் கற்றுக்கொள்வதில்லை, அவர்களுக்குக் கிடைப்பது ஒரு வாள், ஒரு வில், ஒரு ஊதுகொம்பு, காயம் ஆற்றும் மருந்துச் சீசா, இப்படிச் சில பரிசுகள். முடிந்தால் அவரையே ஒரு நாள் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். கதை கேட்கப் பிடிக்காத பெரியவர்கள் நம்ம ஊரில் குறைவு.

எதை முதலில் எடுப்பது

இந்த வகையில் வருகிற கதைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. குழப்பிக்கொண்டால் வாசிப்பும் குழம்பும்.

முதல் வகை, ஒவ்வொரு பாத்திரமும் ஒரு குணத்தின் பெயரைத் தாங்கி வரும் உருவகக் கதை. ஜான் பனியன் 1678இல் வெளியிட்டதும், நம்ம பாட்டா பாட்டிகள் மோட்சப் பிரயாணம் என்று அறிந்திருந்ததுமான கதை இதற்கு முன்மாதிரி. அதையே தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் எழுதினார். 3,700 பாட்டுக்கு மேல் வரும் காவியம். அவர் நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பன் நாவில் ஊறியவர், அந்தத் தமிழ் காவியத்தில் அப்படியே இறங்கியிருக்கிறது. புதிதாக வாசிக்கிறவர்கள் காவியத்தை முதல் பாட்டிலிருந்து பிடித்தால் மூச்சு முட்டும். இடையில் வருகிற, தேவாரம் என்றே பெயர் பெற்ற கிறிஸ்தவ இசைப் பாடல்களை எடுத்துப் பாடிப் பாருங்கள், அதுதான் நல்ல வாசல்.

பனியனில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் நான் சந்தேகக் கோட்டையைத்தான் சொல்வேன். கதையின் நாயகன் கிறிஸ்தியானையும் அவன் கூட்டாளியையும் அவநம்பிக்கை என்ற ராட்சதன் பிடித்து இருட்டறையில் போட்டு, புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வரை சோறு தண்ணீர் இல்லாமல் வைக்கிறான், அடிக்கிறான், நீங்களே உங்கள் உயிரை முடித்துக்கொள்ளுங்கள் என்று புத்தியும் சொல்கிறான். நடு ராத்திரியில் இரண்டு பேரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியப் போகிற நேரத்தில்தான் கிறிஸ்தியானுக்கு ஞாபகம் வருகிறது, தன் மடியில் வாக்குத்தத்தம் என்ற ஒரு திறவுகோல் முதலிலிருந்தே இருக்கிறது என்று. வருஷப் பிறப்பு நடுராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, பீரோ கண்ணாடியில் செருகி வைத்துவிட்டு, மார்ச் மாதத்துக்குள் அதில் என்ன வசனம் இருந்தது என்றே மறந்துபோகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை.

இரண்டாவது வகை லூயிஸுடையது. ராட்சதன் அவநம்பிக்கைக்கு அடையாளமாக நிற்கிற மாதிரி தன் சிங்கம் அஸ்லான் நிற்கவில்லை என்று அவரே விளக்கியிருக்கிறார். நார்னியா மாதிரி ஒரு உலகம் உண்மையிலேயே இருந்து, கிறிஸ்து அங்கே போயிருந்தால் எப்படி இருந்திருப்பார் என்ற கேள்விக்குக் கற்பனையில் கிடைத்த பதில் அது. அதனால் இது எதைக் குறிக்கிறது, அது எதைக் குறிக்கிறது என்று பட்டியல் போடாதீர்கள், போட்டால் கதை செத்துப்போகும்.

மூன்றாவது, விசுவாசம் வெளியே தெரியாமல் அடியில் ஓடுகிற கதை. டோல்கீனின் மோதிரக் கதை (தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்) இந்த வகை. அதைப் பற்றிக் கொஞ்சம் கீழே பேசுவோம்.

நார்னியாவைத் தமிழில் சொல்லும் முறை

ஏழு புத்தகம், 1950 முதல் 1956 வரை வந்தவை. இப்போது விற்கிற தொகுப்புகளில், சூனியக்காரி எங்கிருந்து வந்தாள் என்று சொல்லும் 1955ஆம் வருஷத்துக் கதையை ஒன்றாம் நம்பர் போட்டிருப்பார்கள். அதை நம்பி அங்கே தொடங்க வேண்டாம். 1950இல் வந்த சிங்கம், சூனியக்காரி, அலமாரிக் கதையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் அஸ்லான் யார் என்று தெரியாமலே அவன் பெயரைக் கேட்பதுதான் அதன் சுகம். கூட்டத்துக்கு ஒரு பிரதி போதும். நீங்கள் முந்தின நாள் வாசித்துவிட்டு, நம்ம பேச்சிலேயே சொல்லுங்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள்கூட அடுத்தவர் வாயால் கதை கேட்கத்தான் விரும்புகிறார்கள்.

மொத்தம் 17 அதிகாரம். வாரம் இரண்டு என்றால் இரண்டு மாதத்தில் முடியும். இந்தக் கணக்குக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

பனி பார்க்காத பிள்ளைகளுக்குப் பனியை எப்படிச் சொல்வது என்று சிலர் தயங்கி, அதை மழையாக மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நம்ம மாவட்டத்துக்கு உண்டு, மழை நமக்குப் பழகினது. லூசி என்ற சிறுமி, நார்னியாவுக்கு வழியாகிற அலமாரிக்குள் தொங்கும் ரோமக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போகிறாள், பின்பலகை இப்போது கையில் தட்டும், இப்போது தட்டும் என்று நினைக்கிறாள், காலடியில் ஏதோ நொறுங்குகிறது, முகத்தில் முள்ளாக ஏதோ குத்துகிறது, பார்த்தால் மரக்கிளை. இதை நிதானமாக, அவசரப்படாமல் சொன்னால் மாங்காட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் குளிரும். "எப்பவும் குளிர்காலம், ஆனால் கிறிஸ்துமஸ் மட்டும் வரவே வராது" என்ற இடம் வந்ததும் சற்று நிறுத்துங்கள். டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குகிற, கேரல் வண்டிச் சத்தம் கேட்கிற, குடிலுக்கு வைக்கோல் தேடி அலைகிற ஊர் இது. ஸ்டார் இல்லாத டிசம்பர், ஒன்றல்ல, நூறு டிசம்பர். அந்த உலகத்தில் என்ன கோளாறு என்று பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

லூசியின் அண்ணன் எட்மண்ட் ஒரு மிட்டாய்க்காக அண்ணன், அக்கா, தங்கச்சியைக் காட்டிக்கொடுக்கிறான். இந்த இடத்தில் பிள்ளைகள் சண்டை போடட்டும். மன்னிக்கலாமா கூடாதா, சூனியக்காரி சொல்கிற சட்டப்படி துரோகி அவளுக்குச் சொந்தம் என்றால் அந்தச் சட்டத்தை அஸ்லான் மீறலாமா, மீறினால் அவன் எப்படி நல்ல ராஜா? பத்து வயதுப் பிள்ளைகள் இதில் காட்டுகிற தீவிரத்தை நான் எந்த வி.பி.எஸ். வினாவிடையிலும் கண்டதில்லை.

எட்மண்ட் திரும்பி வந்ததும் அஸ்லான் அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு நடந்தபடி பேசுகிறான். என்ன பேசினான் என்று லூயிஸ் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, எட்மண்ட் மறக்கவும் இல்லை, அவ்வளவுதான் சொல்கிறார். பிரசங்கம் வைக்க இதைவிட வசதியான இடம் கதையிலேயே கிடையாது, எழுதியவரே அங்கே வாயை மூடிக்கொள்கிறார். கதை சொல்கிற நாமும் அதே இடத்தில் வாயை மூடப் பழக வேண்டும். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பக்கம் இது.

இப்போது அந்த வாரக் கணக்கு. இரண்டு இரண்டாகப் போனால் ஏழாவது வாரம் 13, 14 அதிகாரங்கள் வரும். ராத்திரியில் அஸ்லான் தனியே நடந்து போகிறான், இரண்டு சிறுமிகள் பின்னால் போகிறார்கள், கையை என் பிடரியில் வையுங்கள், நீங்கள் இருப்பது எனக்குத் தெரியட்டும் என்கிறான். அப்புறம் எட்மண்டுக்குப் பதிலாக அவனைச் சூனியக்காரியின் ஆட்கள் கட்டுகிறார்கள், பிடரி மயிரைச் சிரைக்கிறார்கள், வாயையும் கட்டுகிறார்கள், கல் மேசையில் வைத்துக் கொல்கிறார்கள். அன்றைக்குக் கதை அங்கே முடிகிறது. ஜெபம் பண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் அடுத்த ஞாயிறு என்று சொல்லுங்கள். இடையில் "இது இயேசுதானே?" என்று ஒரு பிள்ளை கேட்கும், கண்டிப்பாகக் கேட்கும். ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம், உனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று மட்டும் கேளுங்கள். சிலுவைக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே இருந்த சனிக்கிழமையைச் சீஷர்கள் எப்படிக் கழித்தார்கள் என்று அந்த ஒரு வாரம் பிள்ளைக்கு உள்ளுக்குள் தெரியவரும்.

நம்ம கூட்டங்களில் இந்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள், நண்பனோடு சேர்ந்து வருவதுதான் நம்ம ஊர் வழக்கம். சிங்கம் என்றதும் ஒரு பிள்ளை நரசிம்மரைச் சொல்லும். சொல்லட்டும், அதன் கதையையும் கேளுங்கள். யாரையும் மாற்றுவதற்காக வைத்த வலையாகக் கதையை நடத்தினால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது, வராமல் இருப்பதும் நியாயம்தான்.

கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு

பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்கு டோல்கீன். மோதிரக் கதை 1954, 1955 வருஷங்களில் மூன்று பாகமாக வந்தது. உருவகக் கதை அவருக்குப் பிடிக்காது, அதை முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். அவர் காட்டுகிற உலகத்தில் கோயிலும் கிடையாது, பூசாரியும் கிடையாது. ஆனாலும் அடிப்படையில் இது கத்தோலிக்கப் படைப்பு என்று 1953இல் சேசு சபையைச் சேர்ந்த ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். மோதிரம் அழிகிற தேதி மார்ச் 25. கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது என்று கத்தோலிக்க வாசகருக்குச் சொன்னால் புத்தகத்தை மறுபடி எடுப்பார்.

வாசிக்கும்போது, மோதிரத்தை நெருப்பில் போட்டு அழிக்கப் புறப்பட்ட பிரோடோவையும், முன்பு அதை வைத்திருந்து அதன்மேல் வெறிபிடித்த கோல்லமையும் விடாமல் கவனியுங்கள். கோல்லமைக் கொல்ல வாய்ப்பு வருகிறது, பிரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ இரங்கி விட்டுவிடுகிறார், பின்னால் பிரோடோவும் விட்டுவிடுகிறான். அத்தனை தூரம் நடந்து, அத்தனை பாடுபட்டு, நெருப்பின் விளிம்புக்கு வந்த பிரோடோ கடைசி நிமிஷத்தில் மோதிரத்தை உள்ளே எறிய மறுத்து, இது எனக்குச் சொந்தம் என்கிறான். நாயகன் தோற்றுப்போகிறான். உலகம் பிழைப்பது முன்பு காட்டிய அந்த இரக்கத்தால், உயிரோடு விடப்பட்ட கோல்லம் விரலைக் கடித்து மோதிரத்தோடு உள்ளே விழுவதால். நம்ம முயற்சி எங்கே முடிகிறதோ அங்கே கிருபை தொடங்குகிறது என்று கன்வென்ஷன் பந்தலில் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். கிருபை என்ற சொல்லே இல்லாமல் இங்கே அது நடந்து முடிந்திருக்கும். நெஞ்சு அடைக்கும்.

ஃபிராங்க் பெரெட்டி 1986இல் எழுதிய நாவல் மாதிரியான, தூதர்களும் பிசாசுகளும் ஒரு சிறு நகரத்துக்காகப் போராடும் கதைகளும் உண்டு. சாதாரண ஜனங்கள் முழங்காலில் நிற்பதால் தூதர்களுக்குப் பலம் கூடுகிறது. முழு இரவு ஜெபத்துக்குப் போய்வரும் நம்ம ஊர் வாசகரை இது சுண்டி இழுக்கும், இழுப்பதில் தப்பும் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், ராத்திரி தூங்காது. பெரியவர்களும் நாவலை உபதேசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரரின் கோபத்துக்கெல்லாம் பின்னால் ஒரு பிசாசைத் தேட ஆரம்பித்தால் குடும்பமும் சபையும் உடையும்.

புதிதாக ஒரு புத்தகம் கையில் வந்தால், வசனங்களை எல்லாம் கழற்றி எடுத்த பிறகும் கதை நிற்கிறதா என்று பாருங்கள். கெட்டவன் சொல்வதில் ஒரு கவர்ச்சி இருக்கிறதா, நல்லவன் நல்லவனாக இருக்க ஏதாவது இழக்கிறானா என்றும் பாருங்கள். கிறிஸ்தவப் புத்தகம் என்ற ஒரே காரணத்துக்காக மோசமான கதையைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கதை வாசிப்பதையே அது வெறுத்துவிடும்.

நீங்களே எழுதுவதென்றால்

உபதேசத்தில் தொடங்கினால் கதை நகராது. ஒரு காட்சியில் தொடங்குங்கள். பனிக் காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடந்து வரும் ஆட்டுக்கால் மனிதன் என்ற ஒரே ஒரு படம் பதினாறு வயதிலிருந்து மனசில் இருந்ததாகவும், நார்னியா அதிலிருந்துதான் பிறந்ததாகவும் லூயிஸ் சொல்லியிருக்கிறார். நமக்குக் காட்சிக்குப் பஞ்சமா? தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டபோது ஒரு பாறை மணிபோல ஒலித்ததாகச் சொல்லி அதற்கு மணியடிச்சான் பாறை என்றே பெயர். அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு விழுந்ததுதான் மருந்துவாழ் மலை என்பார்கள். முட்டத்துப் பாறைகளில் அலை ஏறி அடிக்கிற சத்தம் போதும் ஒரு அத்தியாயத்துக்கு. 2022இல் புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயத்தின் வாழ்க்கையை மட்டும் இஷ்டத்துக்கு வளைக்காதீர்கள், அவர் வாழ்ந்து இரத்தம் சிந்திய மனிதர். பாறையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளைப் புதிதாக உண்டாக்குங்கள்.

எழுதியதை வில்லுப்பாட்டாக்கினால் இன்னும் நல்லது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வில்லுப்பாட்டு நம்ம சபைகளுக்குப் பழக்கமான விஷயம்தான், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடும்போதே கேட்கிறவர்கள் கதைக்குள் வந்துவிடுவார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அரங்கேற்ற வேண்டும் என்றால் ஓணம் கழிந்ததும் எழுத உட்கார்ந்துவிட வேண்டும், குடமும் உடுக்கையும் வாசிக்கிறவர்கள் நவம்பருக்குள் வேறு சபைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள்.